சட்டைப்பை சங்கீதப் புத்தகம்: 14 மாதம் வைத்திருந்ததில் தெரிந்தவை

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாடு முழுசும், கூடவே சங்கீதம் 150, நீதிமொழிகள் 31 அதிகாரம், எல்லாம் ஒரே புத்தகத்தில். சட்டைப்பையில் போட்டால் மேலே ஒரு விரல்கடை மட்டும் எட்டிப் பார்க்கும். கறுப்பு ரெக்ஸின் அட்டை, வட்டமாக வெட்டிய முனைகள், ஓரத்தில் பொன் பூச்சு, ஒரே ஒரு சிவப்பு நாடா. மொழிபெயர்ப்பு, சபையில் வாசிக்கிற அதே பழைய தமிழ். பதிப்பகத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த அமைப்பில் பல பேர் போடுகிறார்கள், குறையும் நிறையும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பைண்டிங் தைத்தது, ஒட்டியது இல்லை. வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் விரித்தால் நூல் தெரிய வேண்டும். பசை போட்டு ஒட்டியதாக இருந்தால், தினமும் பையில் மடங்கி நிமிர்வதில் ஆறு மாதத்துக்குள் தாள் தாளாகக் கையோடு வந்துவிடும். பொன் பூச்சு மட்டும் மூன்றே மாதத்தில் வியர்வையில் போய்விட்டது, அது கிடக்கட்டும். இப்போது என் பிரதியை மேசைமேல் நட்டுவைத்துக் கையை எடுத்தால், தானாகவே ஒரே இடத்தில்தான் பிளந்துகொள்கிறது. சங்கீதம் 51, தாவீது ராஜா பாவமன்னிப்புக் கேட்டுப் பாடியது. அந்தப் பக்கத்தின் கீழ்மூலையில் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பழுப்புக் கறை. "ஏங்க, அந்தப் பக்கத்தைத் தவிர வேற பக்கமே கிடையாதா அதுல?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அவள் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் சுருக்கென்றது.

தாள் வெங்காயச் சருகு மாதிரி. பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரிகிறது. இதைக் குறை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் என் பிரதியில் 51-க்கு நேர் பின்னால் 52 அச்சாகியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாவீது மன்றாடும் வரிகளுக்கு ஊடே இன்னொரு சங்கீதம் இடம் வலம் மாறிய நிழலாக ஓடுகிறது. அது தோவேக் என்கிறவனைப் பற்றியது. அவன் சவுல் ராஜாவிடம் போய், தாவீதுக்கு ஓர் ஆசாரியன் உதவினதைச் சொல்கிறான். சொன்னது பொய்கூட இல்லை. அதனால் 85 ஆசாரியர்கள் செத்துப்போனார்கள். நாவைத் தீட்டின சவரகன் கத்தி என்று சொல்லும் சங்கீதம் அது. அச்சகத்தார் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் என்னைப் போன்ற ஆளுக்கு அந்த நிழல் தேவையாகத்தான் இருந்தது.

என்னைப் போன்ற ஆள் என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. நான் ஸ்டோர் கணக்கு பார்ப்பவன். சபையில் பாடகர் குழுவை நடத்துபவன், அதாவது நடத்தியவன். ஒருநாள் சரக்கு வெளியே போனதைப் பதிவேட்டில் ஏற்ற மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத் தணிக்கையில் இருப்பு குறைந்தது. விளக்கம் கேட்டார்கள். அன்று ஷிப்டில் இருந்த தற்காலிக ஊழியன் எனக்கு ஸ்லிப் கொடுக்கவில்லை என்று நாலு வரி எழுதி, கவரில் போட்டேன். அவன் ஸ்லிப் கொடுத்திருந்தான். என் மேசை டிராயரில்தான் கிடந்தது. அந்தக் கவரை மேலே கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடினேன், அவன்தான் எதிரே நின்றான்.

"தம்பி, இதை மேலே கொடுத்திரு."

"சரிண்ணே."

ஒரு வாரத்தில் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல முன்வரிசையில் நின்று பாடினேன். திருவிருந்தும் எடுத்தேன்.

இந்தப் புத்தகத்தை வாங்கியது அதற்கு ஆறு மாதம் கழித்து. வாங்கியதற்கு ஒரே காரணம் கடைசிப் பக்கத்தில் இருந்த பட்டியல். இந்த வகைப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றில் இது இருக்கும்: பயப்படும்போது இதை வாசி, தூக்கம் வராதபோது இதை வாசி, வியாதியில் இதை வாசி. முதலுதவிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டு மாதிரி. அதில் "பாவத்தை உணரும்போது" என்ற வரிக்கு எதிரே சங்கீதம் 51, லூக்கா 15, 1 யோவான் 1 என்று மூன்று முகவரி. சின்னப் புத்தகம், சரியான முகவரி, யாருக்கும் தெரியாமல் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அன்று வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

பட்டியலை நான் திட்டப்போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் 150 சங்கீதத்தில் எதை என்று தேடுவான்? ஆனால் பட்டியல் போட்டவர்கள் நீதிமொழிகளைச் சேர்த்து அச்சடித்துவிட்டு, அதன் 28-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தை விட்டுவிட்டார்களே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம். பாவத்தை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவன் இரக்கம் பெறுவான் என்கிற வசனம். "விட்டுவிடுகிறவன்" என்ற சொல்லை நாங்கள் யாரும் பிரசங்கத்தில் அழுத்திக் கேட்டதில்லை. அறிக்கையோடு கதை முடிந்தது என்றே நினைத்திருந்தோம்.

எழுத்தின் அளவு மகா பொடி. 45 வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் இதைத் தொட வேண்டாம். இந்த இடத்தில் எனக்குப் பழைய காலத்துத் திருச்சபை ஆயர் அகஸ்தீனின் கடைசி நாட்கள் ஞாபகம் வரும். கி.பி. 430, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்தை வாண்டல் படைகள் முற்றுகையிட்டிருக்கின்றன, உள்ளே 75 வயதுக் கிழவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்கள் சிலவற்றை எழுதச் சொல்லி, படுக்கையிலிருந்தே தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டிவைத்து, வாசித்து வாசித்து அழுதார். சாவதற்கு முன் பத்து நாள்போல, வைத்தியர் வரும் நேரமும் சாப்பாடு வரும் நேரமும் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கூடவே இருந்த பொசிடியுஸ் எழுதிவைத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயராக இருந்தவர், ஊருக்கெல்லாம் மன்னிப்பைப் போதித்தவர், கடைசியில் தனக்கென்று சுவரில் ஒட்டிக்கொண்டது அதைத்தான். 6, 32, 38, 51, 102, 130, 143 என்று ஏழையும் சேர்த்து ஒரு வரிசையாகச் சொல்வது பிற்பாடு வந்த வழக்கம். ஏழும் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் சுவரில் ஒட்டினால் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும்.

தமிழைப் பற்றி ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு இளைஞர்களுக்குப் புரியாது என்கிறார்கள், அதில் ஞாயம் உண்டு. ஆனாலும் 51-ஆம் சங்கீதத்தில் "நொறுங்குண்டதும் நருங்குண்டதுமான இருதயத்தை" என்று வருகிறதே, அந்த இரண்டாவது சொல்லை இன்றைக்கு யாரும் பேச்சில் எடுப்பதில்லை. அர்த்தம் தெரியாமலேயே அதை நான் சிறுவயதிலிருந்து பாடியிருக்கிறேன். ஒருமுறை வாய்விட்டு மெதுவாக வாசித்தபோது, கண்ணாடித் தூளைச் செருப்புக்கடியில் மிதித்த சத்தம் அதில் கேட்டது. உடைந்தது ஒருமுறை, உடைந்த துண்டும் மறுபடி நொறுங்கியது இன்னொருமுறை. எளிமையான புதுப் பதிப்பில் இந்தச் சத்தம் கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இனி இந்தப் பொருளின் பெரிய குறைக்கு வருகிறேன்.

51-க்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும். தாவீது பத்சேபாளிடம் போனதையும், அதற்கப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி வந்ததையும் அது சொல்லும். சரி, அது என்ன கதை என்று பார்க்கலாம் என்றால், இந்தப் புத்தகத்தில் இல்லை. 2 சாமுவேல் 11, 12 பழைய ஏற்பாட்டில் இருக்கிறது, இதில் பழைய ஏற்பாட்டிலிருந்து சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும்தான். அதாவது தாவீது அழுத ஜெபம் பையில் இருக்கிறது, தாவீது செய்த காரியம் பையில் இல்லை.

நாலைந்து மாதம் இது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. தினமும் 51 வாசிப்பேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற நாலாம் வசனத்துக்கு வரும்போது மனசு லேசாகிவிடும். எனக்கும் தேவனுக்கும் நடுவிலான விஷயம், நாங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்கிறோம், மூன்றாவது ஆள் யாரும் இல்லை. கண்ணீர்கூட வந்தது. அழுது முடித்தபின் தூக்கமும் வந்தது. பாவ மன்னிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். கதை தெரியாதவனா நான்? ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். ஆனால் படித்ததுக்கும் பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒருநாள் அந்தத் தலைப்பு உறுத்தி, வீட்டில் இருக்கும் பெரிய வேதாகமத்தை எடுத்து 2 சாமுவேல் 11-ஐத் திறந்தேன். 14-ஆம் வசனத்துக்கு மேல் போக முடியவில்லை. தாவீது தன் படைத்தலைவன் யோவாபுக்கு ஒரு கடிதம் எழுதுகிறான். பத்சேபாளின் புருஷன் உரியாவை மும்முரமாய் நடக்கிற போர்முகத்தில் நிறுத்தி, அவன் சாகும்படி விட்டுப் பின்வாங்குங்கள் என்று. அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான்.

இதை இதற்கு முன்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கவர் ஞாபகம் வந்தது. பழுப்புக் கவர், இடது மூலையில் ஸ்டேப்ளர் பின். ஒட்டக்கூட இல்லை.

சட்டைப்பைப் பதிப்பைக் குறை சொல்ல வந்தவன் என் குறையை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் இந்தப் புத்தகத்தை மனந்திரும்புவதற்காக வாங்குகிறவர்களுக்கு இதுதான் முக்கியமான தகவல். இது தனியாகப் போதாது. பக்கத்திலேயே முழு வேதாகமம் ஒன்று வேண்டும். நாலாம் வசனத்தில் தாவீது உரியாவை மறந்துவிட்டுப் பேசவில்லை என்பது அந்த இரண்டு அதிகாரத்தைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவன் செய்ததற்கு நியாயப்பிரமாணத்தில் கொண்டுவரக்கூடிய பலியே கிடையாது. ஆடு மாடு வெட்டித் தீராது. அதனால்தான் "பலியை நீர் விரும்புகிறதில்லை" என்று அந்தச் சங்கீதத்திலேயே சொல்கிறான். இன்னொன்றும் கண்ணில் பட்டது: "இராகத்தலைவனுக்கு ஒப்புவித்த" சங்கீதம் என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ராஜா தன் கேவலத்தை எழுதிப் பாடகர் குழுத் தலைவன் கையில் கொடுத்துவிட்டான், எல்லாரும் பாடட்டும் என்று. பாடகர் குழுத் தலைவனாகிய நானோ அதைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராயரில் இருந்த ஸ்லிப்போடு மேலதிகாரிக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். எனக்கு வர வேண்டியது வந்தது, பொறுப்பு போனது, ஊதிய உயர்வு நின்றது. பாடகர் குழுவிலிருந்தும் விலகினேன்.

அந்த வாரம்தான் மிக மோசமான வாரம். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. யாராவது இந்தப் புத்தகத்தை வாங்கினால் மத்தேயு 27-ஐ அப்படிப்பட்ட வாரத்தில் தனியாக வாசிக்க வேண்டாம் என்பேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனஸ்தாபப்படுகிறான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுக்கிறான், பாவஞ்செய்தேன் என்று வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். நான் செய்த அத்தனையும் அவனும் செய்திருக்கிறான். அப்புறம் என்ன வித்தியாசம்?

விடை யோவானில் கிடைத்தது, அதுவும் இந்தச் சின்னப் புத்தகத்தினால்தான். பெரிய வேதாகமத்தில் 18-ஆம் அதிகாரமும் 21-ஆம் அதிகாரமும் எனக்கு ஒரே பார்வையில் பட்டதில்லை. இதில் ஒரு தாளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம். இயேசுவின் சீஷன் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்தபோது குளிர்காய்ந்த இடத்தில் "கரிநெருப்பு". உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த இடத்திலும் "கரிநெருப்பு". மூல கிரேக்கத்திலும் ஒரே சொல்தான், புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்றுமுறை கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. பேதுரு அழுததும் யூதாஸ் நான்றுகொண்டு செத்ததும் ஒரே ராத்திரியைச் சுற்றி நடந்தவை. பேதுரு மற்றவர்களோடு இருந்தான், மீன் பிடிக்கப் போனான், கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும் தண்ணீரில் குதித்தான். காத்திருக்கிற ஒருவர் கரையில் இருப்பார் என்பதை யூதாஸ் தெரிந்துகொள்ள நேரம் கொடுக்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட நம்பிக்கை அவ்வளவு சின்னது: இந்த வாரத்தைக் கடந்து அடுத்த வாரம்வரை இருந்தால் போதும். ஒரே ஒரு நாடா இருப்பதால் அதை யோவானில் போட்டுவிட்டு, 51 தானாகத் திறந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாடா வைத்தால் நல்லது, பதிப்பகத்தார் கவனிக்க.

அப்புறம் அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். வேறு இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். வேலை முடிந்து வெளியே வந்தவனிடம், அன்றைக்கு நான் எழுதியது பொய், ஸ்லிப் என்னிடம்தான் இருந்தது, மன்னித்துவிடு என்று சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்ணே. நீங்க கவரை ஒட்டலை, பின்தான் அடிச்சிருந்தீங்க. படிக்கட்டுல நின்னு பிரிச்சுப் படிச்சேன்."

"படிச்சிட்டுமா கொண்டுபோய்க் கொடுத்தே?"

"நீங்க பின்னாடியே வந்து கூப்பிடுவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் சும்மா இருந்த மாதங்களின் சம்பளத்தைக் கணக்குப் போட்டு மாதாமாதம் கொடுக்கிறேன். முதல் இரண்டு முறை திருப்பி அனுப்பினான், மூன்றாவது முறை வாங்கிக்கொண்டான். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான், எனக்கு ஒரு மடங்கே மூச்சு வாங்குகிறது.

இதற்கு நடுவில் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன் என்று 51-லேயே இருக்கிறதே என்றார் போதகர். சொன்னேன். எவ்வளவு தாழ்மை என்று கைகுலுக்கினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. லூக்கா 18-இல் தன்னைப் பாவி என்று மார்பில் அடித்துக்கொள்ளும் ஆயக்காரன் மாதிரி நின்றேன் என்று, அதே கதையில் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் பரிசேயனின் சந்தோஷம். ராத்திரி மனைவிதான் கேட்டாள், "அந்தப் பையன்கிட்ட கேட்டீங்களா, அவன் கதையை மேடையில சொல்லலாமான்னு?" கேட்கவில்லை.

அன்றிலிருந்து 130-ஆம் சங்கீதத்தை வாசித்துவருகிறேன். எட்டே வசனம். எப்பொழுது விடியும் என்று பார்த்திருக்கும் ஜாமக்காரன் அதில் வருகிறான். அவன் சூரியனைக் கொண்டுவருவதில்லை. முழித்திருக்கிறான், அவ்வளவுதான். பட்டியலில் 130 "சோர்ந்திருக்கும்போது" என்ற வரிசையில் இருக்கிறது, பாவத்துக்கு எதிரே இல்லை. எனக்கு அது எதிரே இருந்திருக்க வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 4. தையலுக்கும் தாளுக்கும் அளவுக்கும் சேர்த்து. எழுத்துப் பொடிசாக இருப்பதற்கு அரையும், ஒற்றை நாடாவுக்கு அரையும் குறைத்தேன். 2 சாமுவேல் இல்லாததற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, ஏனென்றால் இப்போது என் பிரதியில் அது ஒருவிதத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்துப் பட்டியலில் "பாவத்தை உணரும்போது" என்ற வரியின் ஓரத்தில் "2 சாமு. 11:14" என்று பேனாவால் எழுதி வைத்தேன். எழுதுகிறவர்கள் பென்சிலில் எழுதுங்கள். தாள் மெலிசு, மை பின்பக்கம்வரை ஊறிவிட்டது.